கத்தரிக்கோலாரின் படகுக் கடன்

தனக்குச் சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்த அன்றைக்கே கத்தரிக்கோலார் ஒரு படகு வாங்குவது என்று தீர்மானித்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், கடவுளைத் திட்டியிருப்பார்கள், தங்கைக்குப் போன் போட்டிருப்பார்கள். இவர் மருத்துவமனைக்கு எதிர்க்கடையில் நின்று ஒரு டீ குடித்தார். டீ தீர்வதற்குள் படகு, கடன், காப்பீடு, தன் மரணம் நான்கையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுத் திட்டத்தை முடித்துவிட்டார்.

கத்தரிக்கோலார் என்பது ஆபீஸில் வைத்த பேர். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் அவர் விசாரணை அதிகாரி. யாராவது செத்துப்போய், வீட்டில் இருப்பவர்கள் காப்பீட்டுத் தொகை கேட்டால் இவரைத்தான் அனுப்புவார்கள். போவார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்பார். செத்தவர் காப்பீடு எடுத்தபோது எந்த நோயை மறைத்தார் என்று தோண்டுவார். கிடைத்துவிட்டால் தொகை வெட்டு. பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அவர் போகும் இடங்கள் நான்கு. மருந்துக்கடை, மருத்துவமனை, பக்கத்து வீடு, கடைசியில் மனைவி. முதல் மூன்று இடத்தில் தப்பிய ஆள்கூட நாலாவது இடத்தில் மாட்டிக்கொள்வான். "நான் அப்பவே சொன்னேன் சார், எங்க கேட்டாரு?" என்று அந்தம்மா மூக்கைச் சிந்தியபடி சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கத்தரிக்கோலார் அவ்வளவு நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இப்போது அவருடைய நெஞ்சிலேயே கோளாறு. மாடிப்படி ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கியது. ஊருக்கு வெளியே, தெரிந்த முகம் எதுவும் இல்லாத மருத்துவமனையாகப் பார்த்துப் போனார். டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் காட்டினார்.

"இதயத்துக்குள்ள ஒரு கதவு சரியா மூடலை. ஆபரேஷன் பண்ணி மாத்திடலாம். மாத்திட்டா ரொம்ப வருஷம் நல்லா இருக்கலாம்."

"மாத்தலைன்னா?"

"ஒரு வருஷம். மிஞ்சிப் போனா ரெண்டு."

"ஆபரேஷன்ல பிழைப்பாங்களா சார்?"

"நிறையப் பேர் பிழைக்கிறாங்க."

கத்தரிக்கோலார் இதை நம்பவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதய ஆபரேஷன் செய்துகொண்ட எத்தனையோ பேரைப் பற்றி அவர் விசாரித்திருக்கிறார். அதில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. பிழைத்தவர்களுக்காக யாரும் காப்பீட்டுத் தொகை கேட்டு வருவதில்லை என்பது அவர் மூளைக்கு எட்டவே இல்லை. மேஜையில் படுத்தவன் எழுந்ததே இல்லை என்பது அவருடைய அனுபவம். அனுபவசாலியிடம் யார் வாதாட முடியும்?

அதனால்தான் படகு. ஊர் எல்லையில் பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. சாவு வீடுகளுக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே போவார். வசதியானவர்கள் சின்ன மோட்டார் படகுகளில் ஏரி நடுவில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது என்பது கத்தரிக்கோலார் வாழ்க்கையில் செய்யாத ஒன்று. அவர் உட்கார்ந்த இடத்திலெல்லாம் யாராவது அழுதார்கள். போவதற்கு முன் சில மாதமாவது அழுகைச் சத்தம் இல்லாத இடத்தில் உட்கார வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது.

அதையும் ரொக்கமாக வாங்கக் கூடாது, கடனில் வாங்க வேண்டும். கடனோடு காப்பீடும் சேர்த்துப் போட வேண்டும். சில தவணை கட்டிவிட்டு அவர் கண்ணை மூடினால், பாக்கிக் கடனை அவருடைய நிறுவனமே அடைத்துவிடும்; பேங்க் கடன்களுக்கு அதுதான் காப்பீடு போடுகிறது. சேமிப்பில் கை வைக்காமலே மனைவிக்கு ஒரு படகு மிச்சம். அவளும் மாலையில் போய் உட்காரலாம், இல்லாவிட்டால் விற்றுக்கொள்ளலாம். காலமெல்லாம் அடுத்தவன் பிள்ளைகளுக்கு வர வேண்டியதை வெட்டியவர், கடைசியில் தன் பெண்டாட்டிக்கு நிறுவனத்திடமிருந்தே ஒரு படகைக் கறந்துகொடுத்துவிட்டுப் போகப்போகிறார். நினைக்க நினைக்க அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

தடயம் மட்டும் இருக்கக் கூடாது. தன்னைப் போல ஒருத்தன் விசாரிக்க வந்தால் எங்கெங்கே மூக்கை நுழைப்பான் என்று அவருக்குத் தெரியாதா? மருந்தை மூன்று ஊர்க் கடைகளில் பிரித்து வாங்கினார். வாங்கியதைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் எதிரில் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீட்டியடித்தார். மிச்சம் நாலாவது இடம். மனைவிக்குத் தெரியவே கூடாது. தெரியாத விஷயத்தை எந்த மனைவியும் மூக்கைச் சிந்திக்கொண்டு சொல்ல முடியாது.

எல்லாம் தயாரான பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தார்.

"ஒரு படகு வாங்கலாம்னு இருக்கேன்."

"எதுல?"

"எதுலன்னா?"

"கண்ணாடியிலயா, பீங்கான்லயா? அலமாரியில இடம் இல்லை."

"பொம்மை இல்லம்மா. நிஜப் படகு. ஏரியில விடறது."

மனைவி தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கு நீச்சல் தெரியாதே."

"படகு மிதக்கும். நான் எதுக்கு நீந்தணும்?"

"போன மாசம் செருப்பு வாரு அறுந்ததுக்குப் புதுசு வாங்கச் சொன்னேன். ஊக்கு குத்திக்கிட்டுத் திரிஞ்சீங்க."

"அது வேற. இது நம்ம ரெண்டு பேருக்கும். சாயங்காலம் போய் உட்காரலாம். காத்து வரும்."

"காத்து மொட்டை மாடியிலயும் வருது."

"மாடி ஏறணுமே," என்றவர் உடனே சேர்த்துக்கொண்டார்: "ஏற முடியாதுன்னு சொல்லலை. எனக்கென்ன, ஓடியே ஏறுவேன். மூச்செல்லாம் ஒண்ணும் வாங்காது."

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

இங்கே அவள் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காது கேட்கிறதா என்று சோதிக்கிற நிலையத்தில் அவளுக்கு வேலை. சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்காரவைத்துக் காதில் கருவியை மாட்டிவிடுவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெல்லிசான சத்தங்களை அனுப்புவாள். கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். செவிடு என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? பாதிப் பேர் கேட்காமலே அழுத்துவார்கள். அனுப்பாத சத்தத்துக்கு அழுத்துகிறவனைக் கண்டதும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்ப்பாள். புருஷன் செத்தவர்களின் பொய்யைக் கண்டுபிடிப்பவர். அவள் உயிரோடு இருப்பவர்களின் பொய்யைக் கண்டுபிடிப்பவள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் கத்தரிக்கோலார் இந்த வித்தியாசத்தை ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

"சரி, சேமிப்புல இருந்து எடுத்து வாங்கிக்கலாம்," என்றாள் அவள்.

"வேணாம். கடன் வாங்கலாம்."

"என்னது?"

"கடன். தவணையில கட்டிக்கலாம்."

"மிக்ஸியைக்கூட ரொக்கத்துல வாங்கின ஆளு நீங்க. தவணையில கட்டில் வாங்கினாருன்னு எங்க அண்ணன் வீட்டுப் பக்கம் மூணு மாசம் போகாம இருந்தீங்க."

"காலம் மாறிடுச்சும்மா."

"வாடகைக்குப் படகு விடறாங்களே. வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துக்கிட்டுப் போகலாம்."

"வாடகைப் படகு நமக்குச் சொந்தமா? நாளைக்கு நான்..." என்று ஆரம்பித்துக் கத்தரிக்கோலார் தண்ணீரைக் குடித்தார். "நாளைக்கு நான் நினைச்ச நேரத்துக்குக் கிடைக்குமா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து தட்டுகளை அடுக்கினாள்.

"வாங்கலாம்," என்றாள். "ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கலாம்."

கத்தரிக்கோலார் இரண்டு வாரத்துக்காவது சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்துப் பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தார். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போனதில் அவருக்கு லேசான ஏமாற்றம்கூட இருந்தது. பாவம், வெகுளி என்று நினைத்துக்கொண்டு கை கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். ஏரிக்கரையில் தகரக் கொட்டகை போட்டுப் பழைய படகுகளை விற்கிற ஆள் ஒருவர் இருந்தார். முகமெல்லாம் வெயில் பட்டுக் கறுத்து, கையெல்லாம் எண்ணெயாக இருந்தது. வாயைத் திறந்தால் மூடாத படகுக்காரர் அவர்.

"பெரிசு வேணுமா, சிறிசு வேணுமா?"

கத்தரிக்கோலாருக்குப் படகின் அளவு ஏற்கெனவே தெரியும். ஒரு தொகைக்கு மேல் கடன் போனால் காப்பீட்டுக்காரர்கள் மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள். அதற்குக் கீழே இருந்தால் 'எனக்கு நோய் இல்லை' என்று வாயால் சொன்னாலே போதும். அந்த எல்லைக்குள் எவ்வளவு படகு வருமோ அவ்வளவு படகுதான் வேண்டும்.

"நடுத்தரமா," என்றார்.

படகுக்காரர் ஒரு வெள்ளைப் படகைக் காட்டினார். நான்கு பேர் உட்காரலாம். மேலே துணிக்கூரை, பின்னால் மோட்டார். கத்தரிக்கோலார் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினார். அங்கேயே செத்தாலும் சரி என்று இருந்தது அவருக்கு. மனைவி கீழே நின்று படகின் வயிற்றை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். இரண்டு அடி நகர்ந்து மறுபடி தட்டினாள்.

"இந்த இடத்துல சத்தம் வேற மாதிரி வருதே," என்றாள்.

படகுக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "அங்க ஒட்டுப் போட்டிருக்கும்மா. நல்ல ஒட்டு."

"அப்ப விலையைக் குறைங்க."

குறைத்தார்.

"சரி, வாங்கிட்டு வேணாம்னு தோணிச்சுன்னா திருப்பி எடுத்துப்பீங்களா?"

"எடுத்துப்பேன். பாதி விலைக்கு."

"அடுத்த நாளே கொண்டுவந்தா?"

"அடுத்த நாள்னாலும் பாதிதாம்மா. படகுன்னா அப்படித்தான். கொட்டகையை விட்டு வெளிய போனதும் விலை விழுந்துடும். வாங்கறப்ப எல்லாரும் சிரிச்சுக்கிட்டு வருவாங்க. விற்க வர்றப்ப ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பு இருக்காது."

"பாதி," என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஏதோ நல்ல செய்தி கேட்டதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

மறுநாள் பேங்க். கடன் பிரிவில் இருந்த பெண் அதிகாரி சுறுசுறுப்பானவர். எல்லாக் கேள்வியையும் கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை வருஷத்துல கட்டறீங்க?"

கத்தரிக்கோலார் அளவாகச் சொன்னார். அதிகம் கேட்டால் சந்தேகம் வரும் என்று அவருக்குத் தெரியும். "அஞ்சு வருஷம் போதும்."

"அதிகபட்சம் எவ்வளவும்மா தருவீங்க?" என்று மனைவி நடுவில் கேட்டாள்.

"படகுக்குப் பதினஞ்சு வருஷம் வரைக்கும் தரலாம். ஆனா வட்டி ஏறும்."

"பதினஞ்சு போடுங்க."

"அவ்வளவு எதுக்கு?" என்றார் கத்தரிக்கோலார், ஒப்புக்காக.

"மாசா மாசம் குறைச்சலாப் போகும். உங்களுக்கும் பாரம் இருக்காது."

கத்தரிக்கோலாருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பதினைந்து வருஷமாம். ஒரு வருஷமே ஓடுமோ ஓடாதோ. சிரிப்பு வந்த வேகத்தில் போய்விட்டது. பதினைந்து வருஷம் கழித்து இவள் எப்படி இருப்பாள், யாரோடு பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பு ஓடியது. அவர் பேங்கின் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"கடனுக்குக் காப்பீடு சேர்த்துக்கறீங்களா சார்?"

"சேர்த்துக்கோங்க." கொஞ்சம் அவசரமாகவே வந்துவிட்டது.

"நெஞ்சு வலி, இதயக் கோளாறு, சர்க்கரை, ஆபரேஷன், இந்த மாதிரி ஏதாவது..."

"இல்லை, இல்லை, எதுவும் இல்லை." அந்தப் பெண் பட்டியலைச் சொல்லி முடிக்கக்கூட இல்லை.

மனைவி கையில் வைத்திருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள் அதிகாரியிடம். "இவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா காப்பீட்டுக்காரங்க கட்டிடுவாங்க இல்லையா?"

"ஆமாம்மா."

"ஏதோ காரணம் சொல்லி அவங்க கட்டலைன்னா?"

"நீங்கதான் கட்டணும். ஜாமீன் கையெழுத்து நீங்கதானே போடறீங்க. வீட்டையும் ஈடா எழுதறீங்க. கட்டலைன்னா வீடு போகும்."

"வீடு போகும். சரி."

இப்படிச் சொல்லிவிட்டு, காட்டிய இடத்திலெல்லாம் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். கத்தரிக்கோலாருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னை நம்பி வீட்டையே தூக்கிக் கொடுக்கிறாளே இந்தப் பைத்தியக்காரி என்று இருந்தது. கவலைப்படாதே, ஒரு ஓட்டையும் விடவில்லை, என் வேலை எனக்குத் தெரியும் என்று மனசுக்குள் அவளிடம் சொல்லிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மாலை படகு தண்ணீரில் இறங்கியது. கரையிலிருந்து படகுக்காரரே மோட்டாரைக் கிளப்பிக் கொடுத்தார். சுக்கானைப் பிடிப்பது எப்படி என்று இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். கத்தரிக்கோலார் ஓட்டினார். மனைவி முன்பக்கம் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏரி நடுவுக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தினார். சத்தம் அடங்கியது.

யாரும் அழவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. தண்ணீர் படகின் அடியில் மெதுவாக மோதிக்கொண்டிருந்தது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலார் வாழ்க்கையில் முதல்முறையாகச் சும்மா உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் நடுவில் இதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான் என்ற நினைப்பு வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. சாக அவருக்குப் பிடிக்கவில்லை. அதை இதுவரை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"இருட்டப்போகுது. கிளம்பலாமா?" என்றாள் மனைவி.

மோட்டாரைக் கிளப்பக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். படகுக்காரர் இழுத்தபோது சுலபமாகத்தான் தெரிந்தது. கத்தரிக்கோலார் இழுத்தார். மோட்டார் இருமியது. மறுபடி இழுத்தார். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. மூன்றாவது முறை கயிற்றைப் பிடித்த கை மேலே வரவே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பலகையில் சாய்ந்தார். எவ்வளவு இழுத்தும் காற்று உள்ளே போகவில்லை. இதை அவர் திட்டத்தில் சேர்க்கவே இல்லை.

மனைவி எழுந்து வந்தாள். பதறவில்லை. கைப்பையிலிருந்து சத்து மாத்திரை டப்பாவை எடுத்து, அதிலிருந்து ஒரு மாத்திரையை அவர் நாக்கடியில் வைத்தாள். மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுப் பழையபடி எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"சத்து மாத்திரை," என்றார் கத்தரிக்கோலார், ஈனக்குரலில்.

"ஆமா. நெஞ்சு வலிக்கறப்ப நாக்கடியில வைக்கிற சத்து மாத்திரை."

"உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"போன மாசம் மாடி ஏறறப்ப நான் கேட்கவே இல்லை. நீங்களா 'மூச்சு வாங்கலை'ன்னீங்க. கழுத்து வலின்னு சொல்லி மூணு தலையணை வச்சுக்கிட்டு உட்கார்ந்தபடியே தூங்கினீங்க. ஒரு நாள் முதுகுல காதை வச்சுக் கேட்டேன். எங்க நிலையத்து டாக்டர்கிட்ட போய் எப்படிக் கேட்குதுன்னு சொன்னேன். கதவு சரியா மூடலைன்னு சொன்னார்."

"படகு வாங்கறதுக்கு முன்னாடியா?"

"நீங்க படகுன்னு வாயைத் திறக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

கத்தரிக்கோலார் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

"உங்க டாக்டர் ஆபரேஷன் பண்ணச் சொன்னாரா?" என்றாள் அவள்.

"சொன்னார்."

"ஏன் பண்ணிக்கலை?"

"செத்துடுவேன்."

"பண்ணிக்கலைன்னா?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். மனைவியின் முகம் ஒரு நொடி உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள்.

"என்கிட்டச் சொல்லாம, எனக்கு ஒரு படகை வச்சுட்டு, கம்பி நீட்டலாம்னு பார்த்தீங்க. நான் தனியா இங்க வந்து உட்கார்ந்து காத்து வாங்கணும். அப்படித்தானே?"

"கடனையெல்லாம் காப்பீட்டுல அடைச்சுடுவாங்கம்மா. உனக்கு ஒரு பைசா செலவு இருக்கக் கூடாதுன்னுதான்..."

"அடைக்க மாட்டாங்க."

"அடைப்பாங்க. ஒரு தடயமும் இல்லை. மருந்துக் கடை, ஆஸ்பத்திரி, பக்கத்து வீடு, எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

"உங்க ஆபீஸ்ல இருந்து உங்களை மாதிரி ஒருத்தர் வருவார். செருப்பைக் கழட்டிட்டுத் தண்ணி கேட்பார். கொடுப்பேன். அவருக்கு எப்ப இருந்தும்மா உடம்பு சரியில்லைன்னு கேட்பார். எல்லாத்தையும் சொல்லிடுவேன். எந்த ஆஸ்பத்திரி, எந்தெந்த ஊர்ல மருந்து வாங்கினீங்க, எல்லாம். உங்க சட்டைப் பையில இருந்த பஸ் டிக்கெட்டையெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்."

கத்தரிக்கோலாருக்கு நெஞ்சு திக்கென்றது. இது அந்தக் கதவுக்குச் சம்பந்தமில்லாத வேறு திக்.

"பொய் சொல்லக் கூடாதா?" என்றார் பரிதாபமாக. அவர் வாயிலிருந்தே அப்படி ஒரு கேள்வி வருமென்று ஆபீஸில் யாரும் நம்பமாட்டார்கள்.

"எனக்குப் பொய் வராது. அழுகைதான் வரும்."

"தொகையை வெட்டிடுவாங்களே."

"வெட்டட்டும். கடன் என் தலையில விழும். என் சம்பளத்துல கட்ட முடியாது. வீடு போகும். இந்த வயசுல வாடகை வீடு தேடுவேன். எல்லாரும் கேட்பாங்க, என்னம்மா இப்படி நடுத்தெருவுக்கு வந்துட்டேன்னு. எங்க வீட்டுக்காரர் எனக்கு ஒரு படகு வாங்கிக் கொடுத்துட்டுப் போனாருன்னு சொல்வேன்."

"படகை வித்துடு."

"பாதி விலைக்குத்தான் எடுப்பார். உங்க முன்னாடிதானே கேட்டேன்."

கத்தரிக்கோலார் தன் மூளையில் இருந்த அத்தனை வழிகளிலும் ஓடிப் பார்த்தார். மருந்துக்கடைப் பக்கம் வழி இருந்தது, பக்கத்து வீட்டுப் பக்கம் வழி இருந்தது. நாலாவது இடத்தில் கதவு சாத்தியிருந்தது. இவளைத் தெருவில் விட்டுவிட்டுச் சாக அவரால் முடியாது. அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனையோ வீட்டில் பார்த்த முகம்தான், அழுது சிவந்த மூக்குக்காரி ஒருத்தி, தனியாக. இத்தனை நாளும் அந்த முகத்துக்கு எதிரில் கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தவர் அவர்.

"இதெல்லாம் தெரிஞ்சேவா கையெழுத்துப் போட்டே?"

"தெரிஞ்சுதான் பதினஞ்சு வருஷம் கேட்டேன். அம்பது வருஷம் தருவாங்கன்னா அதையே கேட்டிருப்பேன்."

அவள் மாத்திரை டப்பாவைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

"திங்கட்கிழமை பேங்குக்குப் போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க. அந்தக் காப்பீட்டுக்குக் கட்டற காசு தண்டம். செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில சேர்றீங்க, பேசிட்டேன். புதன்கிழமை ஆபரேஷன்."

"பயமா இருக்குடி."

"எனக்கும்தான். ஆபரேஷன் பண்ற டாக்டர், கதவு மாத்தினவங்க நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருத்தர் வீட்டுக்குக் கிளம்பறப்போ பெட்டியைத் தானே தூக்கிக்கிட்டுப் போனார்."

கத்தரிக்கோலார் நம்பாமல் பார்த்தார். "உயிரோடவா?"

"உயிரோடதான்."

ஆபரேஷன் செய்துகொண்டு உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி அவர் கேள்விப்படுவது இதுதான் முதல் தடவை. நாலு பேர். அவர் அனுபவத்தில் அது ஒரு பெரும் கூட்டம். ஆனாலும் சட்டென்று விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. பிடித்த பிடியில் இன்னும் கொஞ்சம் முரண்டு மிச்சம் இருந்தது.

"எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணிட்டே. அப்ப மனுஷன் தன் இஷ்டத்துக்குச் சாகக்கூட முடியாதா?"

மனைவி எழுந்து பின்பக்கம் வந்தாள். அவரைக் கொஞ்சம் நகரச் சொன்னாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பில் மோட்டாரைக் கிளப்பினாள். படகு கரையைப் பார்த்துத் திரும்பியது.

"தாராளமா சாகுங்க," என்றாள். "கடைசித் தவணையைக் கட்டிட்டு."